ஃபோர்மற் அடிக்க முன்னம்

"ஏனக்கா இவ்வளவு மினக்கெடுறியள்? ஃபோர்மற் அடிச்சு விட்டாச் சரிதானே!"

நான் வேலையிலை இருந்து ஓய்வெடுக்கிற வரைக்கும் இந்தக் கேள்வி என்னை விடேல்லை. இப்பவும் கிளிநொச்சித் திருத்தகத்திலை இருக்கிற பிள்ளையள் போன் எடுத்து இதைத்தான் கேக்கினம். ஒருத்தரின்ரை கொம்பியூட்டருக்கை உளவு பாக்கிற மென்பொருள் ஒண்டு பூந்திட்டுது எண்டால், எல்லாத்தையும் அழிச்சுத் துடைச்சுப் புதிசா விண்டோஸ் ஏத்திக் குடுக்கிறதுதான் இப்பத்தைய வைத்தியம். கெதியா முடியும், வந்த ஆளும் சந்தோசமாப் போகும். பிழை எண்டு நான் சொல்லேல்லை. அழிக்கத்தான் வேணும். ஆனா எப்ப அழிக்கிறது எண்டு ஒண்டு இருக்கு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுறன்.

என்னைச் சந்தேகப் பிராணி எண்டுதான் எல்லாரும் சொல்லுறவை. சொல்லட்டும். வன்னியிலை பிறந்து வளந்து, இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, இந்த வயசு வரைக்கும் ஒருத்தரையும் சந்தேகப்படாமல் ஒருத்தி இருந்தால் அவளைத்தான் நான் முதலிலை சந்தேகப்படுவன். தெரியாத ஆள் படலையிலை நிண்டு "இஞ்சை ஆர் ஆர் இருக்கிறீங்கள்?" எண்டு கேட்டால் நாங்கள் எண்ணிச் சொல்லுற ஆக்கள் இல்லை. அதே சனம், கொம்பியூட்டர் ஏதாவது கேட்டால் வாசிக்காமலே ஓம், ஓம், ஓம் எண்டு அமத்திக்கொண்டு போகும். இந்தக் கோதாரி எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை.

நான் படிச்ச கதை பெரிசா ஒண்டும் இல்லை. மீள்குடியேறி வந்த புதிசிலை ஒரு தகரக் கொட்டிலுக்கை வகுப்பு நடந்தது. கரண்ட் இருந்தால் வகுப்பு, போனால் வீடு. பெம்பிளையளுக்கு எண்டு தட்டச்சுத்தான் சொல்லித் தந்தவை. எனக்கு மூடியைக் கழட்டி உள்ளுக்கை பாக்கிறதிலைதான் விருப்பம். அப்பிடியே ஒரு கூட்டுறவுச் சங்கத்தின்ரை கணினித் திருத்தகத்திலை வேலைக்குச் சேந்தனான். கடைசி வரைக்கும் அங்கைதான்.

எங்கடை பொறுப்பாளர் நிமலன் சேர். என்னிலும் வயசு குறைஞ்சவர். அவருக்கு நான் அக்கா, எனக்கு அவர் சேர். ஒருத்தரையும் சத்தம் போட்டுப் பேசமாட்டார். கேள்வி மட்டும் கேப்பார், அது பேச்சு வாங்கிறதிலும் பொல்லாதது. ஆராவது கொம்பியூட்டரோடை வந்தால் முதலிலை ஆளைக் கதிரையிலை இருத்துவார். பிளேன்ரீ குடுப்பார். மெசினைத் தொடமாட்டார். "இதை ஆர் ஆர் பாவிக்கிறது? கடைசியா என்ன ஏத்தினீங்கள்? ஏதாவது கேட்டு ஓம் குடுத்தனீங்களோ?" எண்டு ஒவ்வொண்டாக் கேப்பார்.

"நான் ஒண்டும் செய்யேல்லை சேர், அது தன்ரை பாட்டிலை இப்பிடி வந்திட்டுது" எண்டு எல்லாரும் சொல்லுவினம்.

"ஒண்டும் செய்யாத ஆளை நான் இன்னும் காணேல்லை" எண்டு அவர் சிரிக்காமல் சொல்லுவார்.

அவர் சொல்லுறது சரிதான். உளவு மென்பொருள் கதவை உடைச்சுக்கொண்டு வாறது வலு குறைவு. நாங்கள்தான் வா எண்டு கூப்பிட்டு இருத்துறம். காசுக்கு விக்கிற மென்பொருளை ஆரோ உடைச்சுச் சும்மா தருவான், அதோடை வரும். "உங்கடை பில்" எண்டு ஒரு மின்னஞ்சல் வரும், திறந்தால் உள்ளுக்கை வரும். ஒருக்கால் இரும்புக்கடை முதலாளி ஒருத்தர் வந்தவர். ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பாகி, உங்கள் கணினியில் வைரஸ், சுத்தம் செய்ய இங்கே அழுத்துங்கள் எண்டு வந்ததாம். மனுசன் பயந்துபோய் அமத்தினார். அந்தச் சுத்தம் செய்யிற சாமான்தான் கள்ளன். அவர் என்ன எழுத்தை அமத்தினாலும் அதை ஒண்டும் விடாமல் ஆருக்கோ அனுப்பிக்கொண்டு இருந்தது. வங்கிக் கணக்கின்ரை கடவுச்சொல்லும் அதுக்கைதான் போனது. நல்ல காலம், வங்கி சந்தேகப்பட்டு நிப்பாட்டிப் போட்டுது.

மெசினைத் தொடத் தொடங்கினால் நிமலன் சேரிட்டை ஒரு ஒழுங்கு இருக்கு. முதலிலை இன்ரநெற்றைப் பிடுங்க வேணும், உள்ளுக்கை இருக்கிறவன் வெளியிலை கதைக்கக் கூடாது. மெசினை நிப்பாட்டக் கூடாது, ஏனெண்டால் ஓடிக்கொண்டிருக்கேக்கைதான் ஆளைக் காணலாம். அந்த மெசினுக்குச் செருகின பென்ட்ரைவ் வேறை மெசினுக்குப் போகக் கூடாது. பாக்க வேணும், பாத்ததைப் பிரதி எடுக்க வேணும், அதுக்குப் பிறகுதான் அழிக்கிறது. "எப்பிடி வந்தது எண்டு தெரியாமல் அழிச்சால் அது திரும்ப அதே வழியாலை வரும் அக்கா" எண்டுவார்.

இனி சுபாஜினியின்ரை கதைக்கு வாறன். ஒண்டை முதலே சொல்லிப்போடுறன், கடைசியிலை ஏமாறக் கூடாது எல்லே. இதைச் செய்த அறுவான் ஆர் எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது.

சுபாஜினி பரந்தன் சந்திக்குக் கிட்ட போட்டோக்கொப்பிக் கடை வைச்சிருந்தவள். தட்டச்சும் செய்து குடுப்பாள். பிடிச்ச காணியை விடச்சொல்லி, வீட்டுத்திட்டம் கேட்டு, காணாமல் போன பிள்ளையைத் தேடித் தரச்சொல்லி எண்டு எல்லா மனுவும் அவளிட்டைத்தான். ஒருநாள் காலமை கொம்பியூட்டர்ப் பெட்டியை உரப்பைக்கை போட்டுக் கட்டிக்கொண்டு ஓட்டோவிலை வந்து இறங்கினாள்.

"அக்கா, எல்லாத்தையும் அழிச்சுத் தாங்கோ. ஒண்டும் மிஞ்சக் கூடாது. நான் நிண்டு வாங்கிக்கொண்டு போறன்."

நிமலன் சேர் என்னைப் பாத்தார். திருத்தித் தாங்கோ எண்டு வாற சனத்தைக் கண்டிருக்கிறம். ஒண்டும் மிஞ்சக் கூடாது எண்டு வாற ஆள் எதையோ மறைக்கிற ஆள். எனக்கு அந்த இடத்திலையே அவளிலை சந்தேகம் விழுந்திட்டுது.

கதிரையிலை இருத்தி, பிளேன்ரீ குடுத்துக் கேட்டம். அழுதழுது சொன்னாள். வட்டக்கச்சியிலை தவமணி எண்டு ஒரு அம்மா. வயல் செய்யிற குடும்பம். மகன் கடைசிச் சண்டைக்கை காணாமல் போனவன். இப்ப திரும்பவும் ஒரு மனு குடுக்க வேணும் எண்டு அவா சுபாஜினியிட்டை வந்து எல்லாம் சொல்லி அடிப்பிச்சவா. கொஞ்ச நாளாலை அவாவுக்கு ஒரு போன் வந்திருக்கு. "அம்மா, உங்கடை மகன் இருக்கிறார். நான் கண்டனான்" எண்டு ஒருத்தன். மகன்ரை பேர், படிச்ச பள்ளிக்கூடம், காணாமல் போன அண்டைக்குப் போட்டிருந்த நீலச் சேட்டு, எல்லாம் சொன்னானாம். வெளியிலை எடுக்கிறதுக்கு ஆக்களைச் சரிக்கட்ட வேணும், நகையோடை வவுனியாவுக்குத் தனிய வாங்கோ, நாள் சொல்லுறன் எண்டானாம்.

"அந்த அம்மான்ரை தம்பி கடை வாசலிலை வந்து நிண்டு கத்தினவர் அக்கா. மனுவிலை இருந்ததை நான்தானாம் வித்தனான். காட்டிக் குடுக்கிறவள் எண்டு சந்தியிலை எல்லாரும் கேக்கச் சொன்னவர். இப்ப ஒரு சனமும் வருதில்லை. என்ரை பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலையும் கேக்கிறாங்கள்." மூக்கைத் துடைச்சாள். "ஆரோ சொல்லிச்சினம், கொம்பியூட்டருக்கை வைரஸ் இருந்தாலும் இப்பிடிப் போகுமாம். அதுதான் அழிச்சுப் போடுங்கோ எண்டுறன்."

எங்கடை பக்கத்திலை காட்டிக் குடுக்கிறவள் எண்ட சொல் என்ன சொல் எண்டு வெளியாக்களுக்கு விளங்காது. அந்தப் பேர் ஒருத்திக்கு ஒட்டினால் கடையை மட்டும் இல்லை, ஊரையும் விட்டுப் போக வேண்டியதுதான்.

"அந்த அம்மா என்ன சொல்லுறா?" எண்டு நிமலன் சேர் கேட்டார்.

"அவா என்னைப் பேசேல்லை சேர். கதைக்கிறதை விட்டிட்டா. போன் எடுத்தவன் இன்னொண்டும் சொன்னவனாம், மகன்ரை இடது முழங்கையிலை பெரிய தழும்பு இருக்கு எண்டு. அது மனுவிலை இல்லை. நானும் அறியேன். அதாலை அவன் உண்மையா மகனைக் கண்டிருக்கிறான் எண்டு அவா நம்புறா. மகன்ரை உடம்பிலை அப்பிடித் தழும்பு முந்தி இருக்கேல்லையாம். சண்டைக்கை காயப்பட்டு, பிறகு வந்த தழும்பாக்கும் எண்டு சொல்லி அழுகிறாவாம்."

பாவமாத்தான் கிடந்தது. ஆனா வேலை வேலைதான்.

அவளை வெளியிலை இருத்திப்போட்டு நிமலன் சேர் மெதுவாச் சொன்னார், "அக்கா, மெசினை மட்டும் சந்தேகப்படாதேங்கோ. அந்தப் பிள்ளையையும் சேத்துச் சந்தேகப்படுங்கோ. தழும்பை மறந்து போடாதேங்கோ."

இன்ரநெற் குடுக்காமல் மெசினை எழுப்பினன். ஒரு வேலையும் செய்யாமல் சும்மா நிக்கேக்கையும் உள்ளுக்கை காத்தாடி ஓடிக்கொண்டு இருந்தது. சும்மா நிக்கிற மெசினுக்கு ஏன் இளைக்குது? ஓடிக்கொண்டிருக்கிற வேலையளின்ரை பட்டியலைத் திறந்தன். எல்லாம் தெரிஞ்ச பேர். ஒண்டு மட்டும் பிரிண்டருக்கு உதவி செய்யிற சாமான் மாதிரிப் பேர் வைச்சுக்கொண்டு இருந்தது. வெளியிலை போய் "உம்மட பிரிண்டர் என்ன வகை?" எண்டு கேட்டன். சொன்னாள். அந்தப் பேருக்கும் அவளின்ரை பிரிண்டருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மெசின் எழும்பேக்கை கூட எழும்புற பட்டியலிலையும் அதே பேர். அது எந்த இடத்திலை இருந்து ஓடுது எண்டு தேடிப் போனன். மறைச்சு வைச்ச ஒரு கோப்புறை. திறந்தால் முழுக்கப் படங்கள். சுபாஜினியின்ரை ஸ்கிரீனைக் கொஞ்ச நேரத்துக்கு ஒருக்காப் படம் எடுத்து எடுத்து அடுக்கியிருந்தது. நான் பாத்துக்கொண்டு இருக்கேக்கையே கடைசியிலை புதிசா ஒரு படம் வந்து விழுந்தது. திறந்து பாத்தன். அந்தக் கோப்புறையைத் திறந்து வைச்சுக்கொண்டு நான் நிக்கிற அதே ஸ்கிரீன்.

ஐயோ! கையைச் சட்டெண்டு எலியிலை இருந்து எடுத்திட்டன். "சேர், இது இப்ப என்னைப் பாக்குது" எண்டு கத்தினன். "பாக்கட்டும், இன்ரநெற் இல்லை எல்லே, ஆருக்கும் சொல்ல ஏலாது" எண்டார் அவர்.

அனுப்பின படங்களையும் உடனை அழிக்காமல் கொஞ்சக் காலம் வைச்சிருக்கிற வகை அது. எல்லாத்தையும் தனி டிஸ்க் ஒண்டிலை பிரதி எடுத்தம். பிறகு கோப்புறை உண்டான திகதியைப் பாத்து, அண்டைக்கு மெசினிலை வேறை என்ன ஏறியிருக்கு எண்டு தேடினன். ஒரு தமிழ் எழுத்துரு ஏறியிருந்தது.

எழுத்துருக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேணும். எங்கடை கந்தோருகளிலை, கடையளிலை பழைய எழுத்துருவிலை அடிச்ச கடிதங்கள் இன்னும் சுத்துது. அந்த எழுத்துரு இல்லாத மெசினிலை திறந்தால் கோழி கிண்டின மாதிரித்தான் தெரியும். அதாலை ஒருத்தரிட்டை இருக்கிற எழுத்துருப் பென்ட்ரைவ் மற்றவரிட்டைப் போகும், அவரிட்டை இருந்து இன்னொருத்தரிட்டை. அதை வாங்கி வைரஸ் இருக்கோ எண்டு சோதிச்சால், குடுத்த ஆளை அவமதிச்ச மாதிரி. போன வீட்டிலை தந்த தேத்தண்ணியை மோந்து பாக்கிறதைப் போலை. அப்ப ஆரும் சோதிக்கிறேல்லை.

"அந்த எழுத்துருவைப் போடேக்கை, வைரஸைத் தடுக்கிற வைரஸ் கார்டை நிப்பாட்டச் சொல்லிக் கேட்டதோ?" எண்டு சுபாஜினியைக் கேட்டன்.

"ஓமக்கா. அப்பிடித்தானே எல்லாம் கேக்கிறது?"

எழுத்துரு எண்டால் சும்மா ஒரு கோப்பு. அது உங்களிட்டை அனுமதி கேக்காது, காவல்காரனை வெளியிலை போகச் சொல்லாது. கேட்டால் அது எழுத்துரு மட்டும் இல்லை. பிள்ளையள், இதை மட்டுமாவது மனசிலை வையுங்கோ.

அந்தப் பென்ட்ரைவ் எங்கையாலை வந்தது எண்டு விசாரிச்சால், அவள் ஒரு கடையைச் சொன்னாள், அந்தக் கடைக்காரர் இன்னொரு கடையைச் சொன்னார், அவர் ஆரோ தெரியாத ஆள் வந்து தந்தது எண்டார். போன இடத்திலை எல்லாம் மெசினுக்கை இதே சாமான் இருந்தது. படங்கள் போய்ச் சேருற முகவரி ஏதோ வெளிநாட்டுச் சேர்வர். அதுக்கு அங்காலை பாக்க எங்களிட்டை வழி இல்லை.

எண்டாலும் தழும்பு எனக்கு விளங்கேல்லை. மனுவிலை இல்லாத தழும்பை அவன் எப்பிடிச் சொன்னான்? சுபாஜினிதான் சொன்னாளோ? அந்தத் தழும்பு உண்மையோ? அந்த அம்மா நம்புறது சரியாக இருக்குமோ? அண்டைக்கு முழுக்கப் படங்களை ஒவ்வொண்டாப் பாத்தன். தவமணியம்மாவின்ரை மனு அடிபட்ட நேரத்துப் படங்கள் வந்தது. முதல் படத்திலை மகன்ரை பேர் மேலை இருக்கு. கீழை நாலைஞ்சு வரி தள்ளி, "இடது முழங்கையில் பெரிய தழும்பு உண்டு." அடுத்த படத்திலை அந்த வரி இல்லை.

சுபாஜினியைக் கூப்பிட்டுக் காட்டினன். முதலிலை திருதிரு எண்டு முழிச்சாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ அக்கா, இது நெடுங்கேணி அம்மாவின்ரை. நான் ஒவ்வொரு மனுவையும் புதிசா அடிக்கிறேல்லை. பழைய மனு ஒண்டைத் திறந்து, அதுக்கு மேலை பேரையும் ஊரையும் மாத்திக்கொண்டு போறனான். அந்த அம்மான்ரை மகனுக்குத்தான் தழும்பு. இதிலை கிடந்ததைக் கண்டு அழிச்சுப்போட்டுத்தான் பிரிண்ட் எடுத்தனான்."

கடதாசியிலை அந்த வரி வரேல்லை. ஒருத்தரின்ரை காதிலையும் விழேல்லை. ஸ்கிரீனிலை மட்டும் கொஞ்ச நேரம் கிடந்தது, அந்த நேரத்துக்கை இது படம் எடுத்திட்டுது. விக்கிறவள் எண்டால் தான் பிழை எண்டு அழிச்ச வரியை விப்பாளோ? சுபாஜினியிலை இருந்த சந்தேகம் எனக்கு அந்த இடத்திலை போச்சு. அவள் கேட்டபடி முதலிலையே ஃபோர்மற் அடிச்சிருந்தால் அவளைக் காப்பாத்த உலகத்திலை ஒண்டும் இருந்திராது.

பிறகுதான் துப்பரவாக்கினது. அந்தச் சாமானை நிப்பாட்டினன், கொஞ்சத்தாலை திரும்ப எழும்பி வந்திட்டுது. நேரம் வைச்சு வேலை தொடக்கிற பட்டியலுக்கை தனக்கு ஒரு கூட்டாளியை ஒளிச்சு வைச்சிருந்தது, இது செத்தால் அது எழுப்பும். வேறை நல்ல மெசினிலை செய்த பென்ட்ரைவாலை மெசினை எழுப்பி, விண்டோஸ் தூங்கேக்கை இரண்டையும் பிடிச்சு அழிச்சன். இரண்டு வகைச் சோதனை மென்பொருளாலை பாத்தன். அப்பவும் எனக்கு நம்பிக்கை வரேல்லை. அவளின்ரை கடிதங்களை மட்டும் சோதிச்சு எடுத்துவைச்சிட்டு, பிறகுதான் ஃபோர்மற் அடிச்சன். கடவுச்சொல் எல்லாத்தையும் எங்கடை மெசினிலை இருந்து மாத்திவிட்டன்.

"இனி அந்த அம்மாவிட்டைப் போய்ச் சொல்ல வேணும்" எண்டார் நிமலன் சேர். பிறகு, "என்ன சொல்லப் போறம் எண்டு விளங்குதோ அக்கா?" எண்டு கேட்டார்.

விளங்கினது. சுபாஜினியிலை குற்றமில்லை எண்டு சொல்லுறது, உங்கடை மகனை அவன் காணேல்லை எண்டு சொல்லுறதுதான். ஒண்டைச் சொல்லி மற்றதைச் சொல்லாமல் விட ஏலாது. எனக்குப் போக விருப்பமே இல்லை. ஆனா அந்த அறுவான் எந்த நேரமும் நாள் சொல்லலாம், அவா நகையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறியிடுவா.

நானும் சுபாஜினியும் வட்டக்கச்சிக்குப் போனம். முத்தத்திலை நெல்லுக் காயவிட்டுப்போட்டு அவா போனைக் கையிலை வைச்சுக்கொண்டு இருந்தா. அந்தப் போனிலை இருந்து இப்ப ஆருக்கும் எடுக்கிறேல்லையாம், அவன் எடுக்கிற நேரம் லைன் கிடைக்காமல் போயிடும் எண்டு. சுபாஜினியைக் கண்டதும் முகத்தைத் திருப்பினா. நான் ஆர் எண்டு சொன்னன்.

"நீங்களும் இவளின்ரை ஆளோ?" எண்டா.

"இல்லை அக்கா. இவளையும் சந்தேகப்பட்டுத்தான் தேடினனான்."

எங்கடை மடிக்கணினியைத் திறந்து படங்களைக் காட்டினன். கள்ளன் எங்கை ஒளிச்சிருந்தான், எப்பிடிப் பாத்தான் எண்டு சொன்னன். மகன்ரை பேரைக் காட்டினன். பிறகு தழும்பு இருக்கிற வரி. பிறகு அது இல்லாத படம். சுபாஜினி விக்கி விக்கிச் சொன்னாள், பழைய மனுவுக்கு மேலை அடிச்ச கதையை.

அவா தழும்பு இருந்த படத்தைத் திரும்ப எடுக்கச் சொன்னா. அந்த வரியிலை விரலை வைச்சு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தடவினா. கன நேரம். சின்னக் காயமும் இல்லாமல் வளத்த பிள்ளையின்ரை கையிலை ஒரு தழும்பு இருக்கு எண்டு கேட்டு, அது ஆறின தழும்பு, ஆறினவன் உயிரோடை இருப்பான் எண்டு இவ்வளவு நாளும் நம்பிக்கொண்டு இருந்த மனுசி.

"அப்ப இந்தத் தழும்பு ஆற்றை பிள்ளையின்ரை?" எண்டு கேட்டா.

"நெடுங்கேணியிலை ஒரு அம்மாவின்ரை மகன்ரை" எண்டாள் சுபாஜினி.

"அவாவின்ரை மனுவும் இதுக்கைதானே இருந்தது?"

"ஓமம்மா."

"நம்பரைச் சொல்லு பிள்ளை."

அந்தப் போனை எடுத்தா. சுபாஜினி சொல்லச் சொல்லத் தானே அமத்தினா. அங்காலை ஆரோ எடுத்தினம்.

"அக்கா, என்னை உங்களுக்குத் தெரியாது. நானும் ஒரு பிள்ளையைத் தேடுறவள்தான். உங்களுக்கு ஒரு போன் வரும். மகன் இருக்கிறார் எண்டு சொல்லுவாங்கள். இடது முழங்கைத் தழும்பைச் சொல்லுவாங்கள். சரியாத்தான் சொல்லுவாங்கள் அக்கா. நம்பிப் போடாதேங்கோ."